எனதல்லாத கோழிகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வயதில் புதிதாக ஒரு பற்று முளைக்கலாமா? ஆயர் தாவாரில் என் வீட்டுக்குப் பின்னால் ஓடும் பாரிட்டில் (வடிகாலில்) குடியிருக்கும் தண்ணிக்கோழிகளால் வந்த கேள்வி இது.

மலாய்க்காரர்கள் ருவாக்-ருவாக் என்பார்கள். தமிழ்நாட்டில் கானாங்கோழி. முகமும் நெஞ்சும் வெள்ளை, முதுகு கருஞ்சாம்பல், வாலடியில் செம்மண் நிறம். நடக்கும்போது வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டும். குஞ்சுகளோ கன்னங்கரேல். முட்டையிடும் காலத்தில் ராத்திரியெல்லாம் கத்தும். பக்கத்து வீட்டாருக்கு அது எரிச்சல். எனக்கோ அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம். குஞ்சுகளில் ஒன்று குறைந்தால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.

கோயிலில் சமய வகுப்பு நடத்தும் பெரியவரிடம் இதைச் சொன்னேன். “டீச்சர், ஜடபரதர் கதை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவங்கதானே நீங்க?” என்று சிரித்தார்.

பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் கதை. அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் செய்தார் பரதர். சிங்கத்தின் கர்ஜனைக்கு மிரண்டு ஆற்றைத் தாண்டிய சினைமான், குட்டியைத் தண்ணீரில் ஈன்றுவிட்டு இறந்தது. குட்டியை எடுத்து வளர்த்தார் பரதர். புல் தேடுவதிலும், அது திரும்பவில்லையே என்று தவிப்பதிலும் பூசையும் தவமும் நழுவின. சாகும்போதும் மான் நினைவு. மறுபிறவியில் மானாகவே பிறந்தார். நாட்டை விட்டவரால் ஒரு குட்டியை விட முடியவில்லை.

இந்தக் கதையைச் சொல்லி உயிர்கள்மேல் மனம் வைக்காதே என்பவர்கள், பரதர் ஆற்றில் இறங்கிய இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். மிதந்து வந்த குட்டியைக் கண்ணை மூடிப் போகவிட்டிருந்தால் அவர் தவம் என்ன தவம்? அவர் இறங்கியது சரி. குட்டி தானே மேயத் தொடங்கிய பிறகும் ‘என் மான்’ என்று பிடித்துக்கொண்டதுதான் வினை.

வள்ளுவர் அதிகாரங்களை அடுக்கிய வரிசையும் இதற்குத் துணை நிற்கிறது. அன்புடைமையை இல்லறத்தில் வைத்தார். துறவறவியலைத் தொடங்கும்போது அருளுடைமையை முதலில் வைத்தார். அது 25ஆம் அதிகாரம். துறவு வருவது 35இல். உறவு இல்லாத உயிருக்கும் இரங்கப் பழகியவனிடம்தான் ‘எனது’ என்பதை விடச் சொல்கிறார். நெஞ்சு காய்ந்தவனுக்கு விடுவதற்கு என்ன இருக்கிறது?

‘எனது’ இல்லாமல் நேசிப்பது தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குப் புதிதல்ல. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. வாசலில் நட்ட முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் எங்களிடம் கிராண்ட் (நிலப்பட்டா) கிடையாது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தபோது யாரும் எங்களைக் கேட்கவில்லை. ஆனாலும் வீட்டைப் பொங்கலுக்குப் பொங்கல் மெழுகினோம், மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினோம்.

அம்மா தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர். அந்த வேலையில் பெரும்பாலும் நம் பெண்கள்தான். முதுகில் பம்பு, அதில் பல சமயம் பாராகுவாட். அதை மலேசியா முழுவதுமாகத் தடை செய்தது 2020இல்தான். புல்லுக்குள் தண்ணிக்கோழி முட்டை தெரிந்தால் அந்தப் புதரைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார் அம்மா. அடிக்காத புல்லைப் பார்த்து மண்டோர் ஏசுவார். மறுநாள் வேறு நிரை; அந்த முட்டைகள் பொரித்தனவா என்று அம்மா போய்ப் பார்த்ததில்லை. அருள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் புதர்தான்.

சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் செய்வதும் இதே வகை. அவர்கள் ஊர்க் கண்மாய்கள் 1977 முதல் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். கூடு கட்ட வரும் நாரையும் கொக்கும் மிரளக் கூடாதென்று பல தலைமுறையாகத் தீபாவளிக்கு அங்கே பட்டாசு வெடிப்பதில்லை. பறவை அவர்களுடையதும் அல்ல, அவர்களை அடையாளம் கண்டுகொள்வதும் இல்லை. குழந்தைகளின் மத்தாப்பு ஆசையைக்கூட அதற்காக அடக்கிக்கொள்கிறது ஓர் ஊர்.

ஆகவே பெரியவருக்கு என் பதில் இது: பாரிட்டில் நின்று பார்ப்பதால் முக்தி கெடாது. சோறு வீசிப் பழக்கி, பெயர் வைத்து, வாசலுக்கு வரவழைத்தால் கெடலாம். சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். மனிதக் காலடிக்குப் பயப்படாத கோழி, கண்ணி வைப்பவனுக்கும் பயப்படாது. குஞ்சு குறைந்த அன்று எனக்கு இன்னும் மனம் வலிக்கத்தான் செய்கிறது. அந்த வலியை வைத்துக்கொள்கிறேன். அதற்காகக் குஞ்சைப் பிடித்துக் கூண்டில் அடைக்க மாட்டேன்.

பாரிட்டுக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புல் வெட்ட ஆள் வரும்போது தண்ணீர் ஓரத்தில் ஒரு பாகம் கோரையை விட்டுவிடச் சொல்லுங்கள். ராத்திரியில் பூனையை வீட்டுக்குள் வையுங்கள். தீபாவளிக்குப் பட்டாசை முன்வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோறு மட்டும் போடாதீர்கள்.