எருக்கூடை

நெதர்லாந்தில், வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தில், உதவித்தொகையில் இயற்கை வேளாண்மை படிக்கிறாள் என் தங்கை. எங்கள் சேரியிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள். போன மாசம் ராத்திரியில் போன் பண்ணினாள். குரலே சரியில்லை.

"அண்ணே, இன்னிக்கு ஆல்பர்ட் ஹோவர்டப் பத்திப் பாடம். கூடப் படிக்கிற பொண்ணு, 'உங்க பாட்டிமாருக்கு இதெல்லாம் அப்பவே தெரியுமாமே, பெருமையா இருக்கும்ல'ன்னு கேட்டா. ஆமான்னு தலையாட்டிட்டேன். அப்புறம் சோறு எறங்கல."

ஹோவர்ட் 1905இல் இந்தியா வந்த ஆங்கிலேய விஞ்ஞானி. 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தார். சாணம், மூத்திரம் ஊறிய மண், செத்தை, சாம்பல் எல்லாவற்றையும் அடுக்கி, நாள் பார்த்துப் புரட்டிப் போட்டு மட்கவைக்கிற வழிக்கு இந்தூர் முறை என்றே பேர். இந்திய விவசாயிகளையும், பயிரைத் தின்ன வந்த பூச்சிகளையும் தன் பேராசிரியர்களாக எடுத்துக்கொண்டதாக எழுதியவர். நல்ல மனுசன்தான். ஆனால் 'விவசாயி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நிலம் வைத்திருந்தவனும் அவன் தொழுவத்தை அள்ளியவளும் ஒன்றாய்ப் போனார்கள். பூச்சிக்குக் கிடைத்த தனிப் பேர்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

எங்கம்மா அள்ளியவள். பத்து வயசில் ஊர்த்தெரு எருக்குழியிலிருந்து வயலுக்குச் சுமந்தாள். கோடை மழையில் நனைந்த எருவென்றால் கூடையிலிருந்து சாறு வடிந்து கழுத்து வழியாக முதுகில் இறங்குமாம். அந்தக் கை தொட்ட செம்பு தீட்டு. அந்தக் கை போட்ட எருவில் விளைந்த நெல்லுக்கு மட்டும் தீட்டில்லை.

தங்கை சொன்னதை அம்மாவிடம் சொன்னேன்.

"யூரியா மூட்டை வந்து எறங்குன வருசந்தான்டா என் கழுத்து நிமிந்துச்சு. மறுபடியும் கூடையத் தூக்குன்னு சொல்லவா அம்புட்டுத் தூரம் போயிருக்கா?"

யூரியா மண்ணையும் தண்ணியையும் என்ன செய்தது என்று நானே மேடைகளில் பேசியிருக்கிறேன். அம்மாவிடம் பேச வாய் வரவில்லை. மரபுக்குத் திரும்புவோம் என்கிற நண்பர்களே, மண் கெடாமல் காத்த கணக்கில், சுமந்து கெட்ட உடம்பை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

"இங்க சாணத்த எந்திரம் அள்ளுதுண்ணே" என்றாள் தங்கை. "ஆனா கண்ணாடிக் கூடாரத்துல தக்காளி பறிக்கிறதுக்குப் போலந்துலேர்ந்தும் ருமேனியாவுலேர்ந்தும் கூலியாள் வராங்க."

படிப்பை முடித்து அவள் எந்த மண்ணில் கால் வைப்பாள் என்பது வேறு கேள்வி. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892இல் நமக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் எங்கள் ஊரில் இன்று யார் யார் பேரிலோ கிடக்கிறது.

அம்மா சொன்னதை எழுதி அனுப்பச் சொன்னாள், வகுப்பில் வாசிக்க. செம்பு சமாச்சாரத்தையும் சேர்க்கட்டுமா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சேத்தே அனுப்புண்ணே."