கரணமும் கருணையும்



திருநின்றவூர்ப் பூசலாருக்குச் சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை. கையில் காசு இல்லை. மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். நல்ல நாள் பார்த்தார், தச்சர்களைத் தேடினார், இரவிலும் கண் துஞ்சாமல் வேலை பார்த்தார். சிகரம் எழுந்தது, சுதை பூசியாயிற்று, கிணறும் மதிலும் குளமும்கூட அமைத்துவிட்டார். அவர் குடமுழுக்குக்குக் குறித்த நாளையே காஞ்சியில் அரசன் காடவர்கோன் தான் கட்டிய கற்கோயிலுக்குக் குறித்திருந்தான். பெருமான் அரசன் கனவில் வந்து, நாளை பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவைத் தள்ளி வை என்று சொல்லிவிட்டார். அரசன் ஓடி வந்து விசாரித்தால், இங்கே அப்படியொரு கோயிலே இல்லை என்கிறார்கள் ஊரார்.

இந்த வரலாற்றைச் சொல்லி முடித்த ஓர் இரவு, அறுபது வயதை ஒட்டிய ஓர் அம்மா கூட்டம் கலையும்வரை காத்திருந்து என்னிடம் பேசினார். பேரனுக்கு ஆட்டிசம் என்று கண்டறிந்திருக்கிறார்கள். சத்தம் தாங்குகிறானா, வழக்கம் மாறினால் கலங்குகிறானா, முகம் பார்த்துப் பேசுகிறானா என்று மருத்துவர் கேட்கக் கேட்க, ‘இதெல்லாம் நான்தானே’ என்று அம்மாவுக்கு நெஞ்சு படபடத்திருக்கிறது. பிறகு அவரும் பரிசோதனைக்குப் போனார். உறுதியாயிற்று.

நந்தியாவட்டையை ஒரே அளவுக் காம்பாகப் பொறுக்கி அடுக்கிவைத்துத்தான் அவர் மாலை தொடுப்பார். ஒரு பூ பிசகினாலும் அவிழ்த்து மறுபடி கட்டுவார். ஆனால் தீபாராதனையில் மணியும் தவிலும் சேர்ந்து முழங்கினால் காதைப் பொத்திக்கொண்டு பிராகாரத்துக்கு ஓடிவிடுவார். ‘சாமி முன்னாடி நிக்கக்கூட முடியலையா, என்ன பாவம் பண்ணினியோ’ என்று வீட்டில் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். “எனக்குப் பக்தியே இல்லைன்னு இத்தனை வருஷம் அழுதேன் சாமி. இது என் கர்மவினையா?” என்று கேட்டார்.

லியோ கானர் என்ற மருத்துவர் 1943இல் ஆட்டிசத்தைப் பற்றி எழுதியபோது 11 குழந்தைகளைக் குறிப்பிட்டார். அவர்களில் 8 பேர் ஆண் பிள்ளைகள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது தனி நிலையாக இடம்பெற்றதே 1980இல்தான். அந்த அம்மா பள்ளிக்கூடம் போன காலத்தில் நம் ஊரில் யாருக்கு இது தெரிந்திருக்கும்? திமிர் என்றார்கள், பிடிவாதம் என்றார்கள்.

வினையா என்று அம்மா கேட்டாரே, அது பற்றிச் சைவ சித்தாந்தம் சொல்வதைக் கேளுங்கள். உடம்பாகிய தனு, மனம் முதலிய கருவிகளாகிய கரணம், உலகமாகிய புவனம், நுகர்பொருளாகிய போகம் ஆகிய நான்கையும் இறைவன் உயிருக்குக் கூட்டித் தருகிறான். வினைக்கு ஈடாகத்தான் எல்லோருக்கும் உடம்பும் மனமும் வாய்க்கின்றன. உங்களுக்கு மட்டும் தனிக் கணக்கு கிடையாது. தருவதன் நோக்கமோ உயிர் தேறி அவனை அடைய வேண்டும் என்ற கருணை. ஆகவே அம்மா, உங்கள் கரணம் இப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டீர்களே, அதுவும் அருள்தான். இனி அதை அறிந்து வழிபடலாம்.

நாள்தோறும் சிவலிங்கத்தின்மேல் கல்லெறிந்ததையே பூசையாக ஏற்றுச் சாக்கிய நாயனாரை ஆட்கொண்டான் இறைவன். ஒருநாள் உண்ண உட்கார்ந்தபோது கல்லெறிய மறந்தது நினைவுக்கு வர, சோற்றை விட்டு எழுந்து ஓடினார் அவர். அடியார்களுக்கு நாம் மருத்துவப் பெயர் சூட்ட வேண்டாம். அது நமக்குத் தகாது. அன்பு எந்த வழியில் வந்தாலும் அவன் ஏற்பான் என்பதை மட்டும் பிடித்துக்கொள்வோம். அம்மா, நீங்கள் பூத்தொடுப்பதும் சரியை என்னும் கோயில் தொண்டுதான். நடை சாத்துவதற்கு முன் கூட்டமில்லாத நேரத்தில் வந்து கும்பிட்டாலும் தரிசனம் தரிசனமே.

இதைக் கேட்டு யாருக்காவது ‘எனக்கும் இப்படித்தானோ’ என்று தோன்றினால், மனநல மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ பாருங்கள். யாரையும் மந்திரிக்கவும் பேயோட்டவும் இழுத்துப் போகாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் மாற்றுத்திறன் நிலைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கோயிலை நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒலிபெருக்கியைக் குறையுங்கள். அமைதியாக நின்று கும்பிட ஒரு வேளையை ஒதுக்குங்கள். பிராகாரத்தில் ஒதுங்கி நிற்பவரைப் பார்த்து ‘பக்தி இல்லை’ என்று யாரும் சொல்ல வேண்டாம். பூசலார் மனத்தில் இருந்த கோயிலும் ஊரார் கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கே போவதற்காகத்தான் பெருமான் அரசன் விழாவையே தள்ளி வைக்கச் சொன்னார்.

திருச்சிற்றம்பலம்.