பாட்டுக்குக் கூலி கொடுத்தவர் யார்?

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அருவியோடு திரும்பிவிடுகிறார்கள். அருவித் தண்ணீர் அப்படித் திரும்புவதில்லை. சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, வீரகேரளம்புதூர் வழியாக மேலும் போகிறது. சென்ற ஆடியில் நானும் அந்த ஊருக்குப் போனேன்.

ஊற்றுமலை ஜமீனின் தலைநகரம் அது. பாளையமாக இருந்தது, 1803-ல் கும்பெனியார் செய்த நிரந்தர வரி ஏற்பாட்டில் ஜமீனாயிற்று. பேஷ்குஷ் என்று ஒரு தொகையைச் சர்க்காருக்குக் கட்டிவிட்டால், குடியானவனிடம் வசூலித்ததில் மிச்சம் ஜமீன்தாருக்கு. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் அந்த முறைக்கு முடிவு கட்டியது. இப்போது அந்த ஊரில் தாலுகா ஆபீஸ் இருக்கிறது. பட்டா கேட்டு ஜனங்கள் மனுவோடு வருகிறார்கள்.

ஆனால் ஊற்றுமலை என்றதும் நமக்கு வரியா நினைவுக்கு வருகிறது? காவடிச் சிந்து அல்லவா! இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரித்திராவிட்டால், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனை அப்படிப் பாடியிருப்பாரா? இளமையிலேயே மறைந்த அந்தக் கவியைச் சோற்றுக் கவலையில்லாமல் வைத்திருந்தது ஜமீன். சரி, அந்தச் சோறு யாருடைய உழைப்பில் விளைந்தது?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. என் தாத்தாவின் குடும்பம் வேறொரு ஜமீனின் குடிகள். மழை பொய்த்த ஒரு வருஷம், வரி பாக்கிக்காக உழவு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். பத்து வயதுப் பையனாக இருந்த தாத்தா, அழுதுகொண்டே ஊர் எல்லை வரை அதன் பின்னால் ஓடினாராம். அதே தாத்தாதான் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும்போது மனமுருகச் சிந்து பாடுவார். படித்த திமிரில் ஒருநாள் கேட்டேன்:

"ஜமீன்தார்கள் வளர்த்த பாட்டுதானே தாத்தா? எப்படி உங்களுக்குப் பாட மனசு வருது?"

தாத்தா கோபிக்கவில்லை. "பாடினவருக்குச் சோறு போட்டது ஜமீன்னா, ஜமீனுக்குச் சோறு போட்டது யாருலே? பாட்டும் நம்ம வெள்ளாமைதான். அதை நான் எதுக்கு விடணும்?"

நியாயம்தான். கொடையின் புகழையெல்லாம் ஒருவர் பேரில் மட்டும் எழுதிய கணக்கு தப்புக் கணக்கு. ஆனாலும், வயிறு காய்ந்தவனிடம் பறித்த நெல்லை, பாட்டு நன்றாக அமைந்துவிட்டது என்பதற்காகத் தானம் என்று சொல்லலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். அழகு அந்தக் கடனைத் தீர்ப்பதில்லை. அதற்காக அழகைத் தூக்கி எறிந்தாலும் கடன் தீராது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்று சிற்றாற்றங்கரையில் யாரோ சிந்து பாடிக்கொண்டு போனார்கள். நின்று கேட்டேன். தாத்தாவின் குரல் நினைவுக்கு வந்தது. கூடவே அந்த மாடும் வந்தது.