விட்ட இடத்திலிருந்து

வர்ஜீனியாவில் ஒரு மலைமுகட்டில் நிற்கிறது அந்த ஓக் மரம். அதன் பட்டையில் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்துக்கு வெள்ளைப் பெயின்ட்; வழி காட்டும் குறி. போன அக்டோபரில் அதன்மேல் கை வைத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன். இந்த மே மாதம் மறுபடி அதே இடத்தில் கை வைத்தேன். பெயின்ட் புதிதாக இருந்தது. குளிர் விட்டதும் யாரோ ஒரு தன்னார்வலர் வந்து பூசிவிட்டுப் போயிருக்கிறார்.

அப்பலாச்சியன் நெடும்பாதை ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். ஒரே மூச்சில் நடப்பவர்களுக்கு ஐந்து முதல் ஏழு மாதம் ஆகும். நான் லீவு கிடைக்கும்போதெல்லாம் வந்து கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறேன். இது ஒன்பதாவது வருஷம்.

இதில் ஒரு இழப்பு உண்டு. முதல் மூன்று நாள் குதிகாலில் கொப்புளம், தோளில் பை வார் அறுத்த தழும்பு. ஒருவழியாக உடம்பு பழகி, ஏற்றத்தில் மூச்சு சீராகும்போது லீவு முடிந்துவிடும். முழுப் பாதையும் நடக்கிறவர்களுக்கு மூன்று நான்கு வாரத்தில் கால்கள் உரமேறிவிடும். அந்தக் கால்கள் எனக்கு வாய்க்கவேயில்லை. இரவுத் தங்கல் கொட்டகைகளில் அவர்களோடு உட்காரும்போது, அரைகுறை வேலை செய்கிறவன் போலக் கூசியிருக்கிறேன்.

அந்தக் கூச்சத்தைப் போக்கியவர் எம்மா கேட்வுட். 11 பிள்ளைகளைப் பெற்றவர். 1955இல், 67 வயதில், கேன்வாஸ் ஷூவும் தானே தைத்த துணிப்பையுமாகத் தனியாக முழுப் பாதையையும் நடந்தார். 1957இல் மறுபடியும். மூன்றாம் முறை பகுதி பகுதியாக நடந்து 1964இல் முடித்தார். இருமுறை முழுதாக நடந்தவருக்கு அதற்குமேல் யாரிடம் எதை நிரூபிக்க வேண்டியிருந்தது? நடக்கப் பிடித்திருந்தது, நடந்தார். பாதையைப் பேணும் அமைப்பும் இரு வகையினருக்கும் ஒரே அங்கீகாரம்தான் தருகிறது. எத்தனை வருஷம் ஆனது என்று கேட்பதில்லை.

அந்த மரத்தை மறுபடி தொட்ட அன்று இரவு முகட்டில் சிக்னல் கிடைத்தது. மதுரையில் விடிந்துகொண்டிருந்தது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா இப்போதுதான் வெளியே நடமாடுகிறாள்.

"எவ்வளவு தூரம்ப்பா நடந்த?"

"பதினோரு கிலோமீட்டர்ம்மா. நீங்க?"

"நேத்து பால் பூத்தோட திரும்பிட்டேன். இன்னைக்குப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போய்ப் பார்க்கணும்."