அறிந்தேன் என்னும் உணர்வு

பாடத்தை நான்காவது முறை படிக்கும் மாணவருக்கு எல்லா வரியும் ஏற்கெனவே தெரிந்ததாகத் தோன்றும். புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொன்னால் பாதி வராது. தெரிந்ததாகத் தோன்றுவதும் தெரிந்திருப்பதும் ஒன்றா என்பது மெய்யியலின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. பிளேட்டோவின் 'ஃபீட்ரஸ்' உரையாடலில் சாக்ரட்டீஸ் ஓர் எகிப்தியக் கதை சொல்கிறார். எழுத்தைக் கண்டுபிடித்த தேவுத் என்னும் தெய்வம், இது நினைவுக்கு நல்ல மருந்து என்று பெருமைப்படுகிறது. அரசர் தாமுஸ் மறுக்கிறார். எழுத்தை நம்புகிறவர்கள் உள்ளிருந்து நினைவுகூரும் பழக்கத்தை விட்டுவிடுவார்கள். அவர்களிடம் ஞானத்தின் தோற்றம் இருக்கும், ஞானம் இராது என்பது அவர் வாதம். எழுத்தின் மீதான இந்தக் கண்டனமே எழுதிவைத்ததால்தான் இன்று கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

அறிவுசார் உளவியல் இந்தக் கேள்வியைச் சோதனைக்கூடத்துக்கு எடுத்துச் சென்றது. முன்னோடி ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தம்மையே சோதித்து, முடிவுகளை 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது. ஒரே மூச்சில் படிப்பதைவிடப் பல நாட்களுக்குப் பிரித்துப் படித்தால் குறைந்த உழைப்பு போதும் என்று அவர் கண்டார்.

தாமுஸின் ஐயத்துக்கு நேரடியாக விடை தந்தது 2006இல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் இதைச் செய்தார்கள். ஒரு குழு சிறு உரைநடைப் பகுதியை நான்கு தவணை படித்தது. மற்றொரு குழு ஒரு தவணை மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று தவணைகளில் நினைவிலிருந்ததை வெற்றுத் தாளில் எழுதியது. எழுதியது சரியா தவறா என்று யாரும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: 83 விழுக்காடு, மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. எண்களைவிட முக்கியமானது இன்னொன்று. ஒரு வாரத்துக்குப் பின் எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தாம். கண்ணுக்குப் பழகிப்போன வரியை மனம் அறிவாக எண்ணிக்கொள்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் மட்டும் படிப்பவருக்கு அந்த நம்பிக்கை மறுநாள் காலை வரை பலிக்கவும் செய்கிறது. பழக்கம் மாறாமல் இருக்க அதுவே ஒரு காரணம்.

இங்கே மெய்யியல் மறுபடி நுழைகிறது. நினைவு ஒரு குதிர், கற்பது அதில் நெல் கொட்டுவது என்றால், எடுத்துப் பார்ப்பதால் நெல் கூடக் காரணமில்லை. ஆனால் கூடுகிறது. பிளேட்டோவே 'தியேட்டெட்டஸ்' உரையாடலில் வேறு உவமை ஒன்றை வைத்தார். கூண்டில் பறவைகளை உடைமையாக வைத்திருப்பது ஒன்று, வேண்டிய பறவையைக் கையில் பிடித்திருப்பது வேறொன்று. கில்பர்ட் ரைல் 1949இல் எழுதிய 'மனம் என்ற கருத்து' நூலில், அறிவு என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி செயல்திறன் என்று வாதிட்டார். ஆய்வு முடிவுகள் இந்தப் பக்கமே சாய்கின்றன. நினைவுகூர்தல் இருப்பை எண்ணிப் பார்ப்பது போன்றதன்று. நடக்க நடக்கப் படியும் ஒற்றையடிப்பாதை போன்றது.

தமிழ் மரபு இதை அறியாததன்று. பவணந்தியின் நன்னூல், ஆசிரியர் சொன்னதைச் செவ்வையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால் பங்கு என்கிறது. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைப்பதால் மீதி அரை. இந்தப் பின்னங்கள் அளந்து பெற்றவையல்ல. இக்கால ஆய்வைப் பவணந்தி முன்பே செய்துவிட்டார் என்று மார்தட்டுவது வீண். ஆனால் பெரிய பங்கு எடுத்துச் சொல்லும் செயலுக்கே போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியாரும் கேட்டலோடு நிறுத்துவதில்லை. சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று மேலே செல்கிறது. அங்கே இலக்கு வீடுபேறு, மதிப்பெண் அல்ல. என்றாலும் கேட்டது தானாக அறிவாகிவிடாது என்பது இரண்டுக்கும் பொது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. நினைவுகூரத் தெரிந்தால் புரிந்ததாகுமா? வேத பாடசாலைகளில் கன பாடம் என்ற முறை இருக்கிறது. சொற்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிக் கோத்து ஓதும் கடும் பயிற்சி அது. ஓர் அசையும் பிசகாது. ஆனால் பிசகாமல் ஓதுவது பொருளறிவதாகாது. வேதச் சொற்களுக்குப் பொருள் கூறும் நிருக்தம் என்ற நூலை எழுதிய யாஸ்கர், பொருளறியாமல் வேதம் கற்றவர் சுமை தாங்கும் கட்டைக்கு ஒப்பானவர் என்று கடிந்தார். கார்பிக்கும் ஜனல் பிளன்ட்டும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்த வாதத்துக்கு ஓரளவு விடை தருகிறது. அறிவியல் பகுதி ஒன்றைப் படித்தபின் நினைவிலிருந்து எழுதியவர்கள், நூலைப் பார்த்துக் கருத்து வரைபடம் வரைந்தவர்களை முந்தினார்கள். பாடத்தில் நேராக இல்லாததை ஊகித்துச் சொல்ல வேண்டிய வினாக்களிலும் அப்படியே. ஆனால் அங்கே மாணவர்கள் நினைவுகூர்ந்தது பொருளுள்ள உரை, அதையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்க வேண்டியிருக்கவில்லை. விடைத்தாள் வரிகளை அச்சுப் பிசகாமல் ஒப்பிக்கச் சொல்லும் வகுப்பில் யாஸ்கரின் கண்டனத்துக்கு இந்த ஆய்வில் பதில் இல்லை.