உண்மையின் விலையை யார் தருவது?

வண்டி ஓட்டிச் செல்பவரின் மூளையில் குருதியோட்டம் திடீரெனத் தடைப்படுகிறது. கண்கள் இருள்கின்றன, கை தளர்கிறது. கட்டுப்பாடிழந்த வண்டி, சாலையோரம் நின்றவரைச் சாய்த்துவிடுகிறது. காலை இழந்த அம்மனிதர் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் செல்கிறார். "நான் நினைவிழந்திருந்தேன், அது என் செயலன்று" என்கிறார் ஓட்டியவர். "என் கால் போய்விட்டதே" என்கிறார் இவர். இருவர் கூற்றும் உண்மையே. எனில், நீதி யார் பக்கம் நிற்கும்?

இங்கிலாந்து நீதிமன்றங்கள் வழங்கிய இரு தீர்ப்புகளை இங்கே எண்ணிப் பார்ப்போம். 1970களின் இறுதியில் விசாரிக்கப்பட்ட வழக்கு ஒன்று. முதியவர் ஒருவர் காரில் புறப்படுமுன்னரே அவரைப் பக்கவாதம் தாக்கத் தொடங்கியிருந்தது. வழியில் நின்றிருந்த வண்டியொன்றின்மேல் மோதிய பின்னும் அவர் நிறுத்தவில்லை. மேலும் ஓட்டிச்சென்று மீண்டும் மோதினார். அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். 1997இல் மற்றொரு வழக்கு. இன்சுலினை மிகுதியாகச் சுரக்கும் கட்டியொன்று லாரி ஓட்டுநர் ஒருவரின் உடலில் வளர்ந்திருந்தது. குருதியில் சர்க்கரை குறைந்து அவரது மூளை மங்க, லாரி ஒரு கடைக்குள் புகுந்தது. தம் நோயை அவர் அறியவில்லை, அறிந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆகவே அவர்மீது பொறுப்பைச் சுமத்த மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. முந்தைய வழக்கின் முதியவரோ, தாம் வண்டியோட்டும் நிலையில் இல்லை என்பதை உணர்ந்திருக்க வேண்டியவர் என்றும் அந்நீதிமன்றம் கருதியது.

ஆக, சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றே: "நீ அறிந்திருக்க முடியுமா?" பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாரும் இவ்வாறே பகுத்துக் கூறினார். எவ்வளவு முயன்றாலும் வெல்ல இயலாத அறியாமை பாவமன்று. அறிய வேண்டியதை அறியாமல் விடும் அசட்டையோ பாவமாகும்.

ஆனால் அறிந்தும் மறைத்தால்? 2014 டிசம்பர் 22 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று நாள்கள் இருக்கையில், குப்பை லாரி ஓட்டுநர் ஒருவர் நினைவிழந்தார். ஆறு பேர் மாண்டனர். முன்பு 2010இலும் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அவர் மயங்கியிருந்தார் என்பதும், அதுபற்றி மருத்துவரிடமும் வேலை தந்தவரிடமும் அவர் உண்மையை உரைக்கவில்லை என்பதும் பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தன.

இவர்மீது கல்லெறிவது எளிது. ஆயினும் நம் ஊருக்கு வருவோம். ஓட்டுநர் உரிமம் கேட்போர் நிரப்பும் படிவம் 1, வலிப்போ, எக்காரணத்தாலேனும் திடீர் மயக்கமோ தலைச்சுற்றலோ உண்டா எனக் கேட்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்துப் பார்த்து விடை எழுதினோம்? ஒருமுறை மயங்கி விழுந்த ஓட்டுநர் 'ஆம்' என்று எழுதினால், அந்த ஒரு சொல்லோடு அவர் வீட்டு அடுப்பும் அணைந்துவிடக்கூடும். 'இல்லை' என்றால் சோறு உண்டு. ஆனால் யாரோ ஒருவரின் உயிர் பணயமாகிறது. அந்தப் பொய்யை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் உண்மையைக் கேட்கும் நாம், அதன் விலை முழுவதையும் அந்த ஏழையின் தலையிலேயே சுமத்துவது அறமாகுமா?

அடிபட்டவர் திறத்தில் நம் நாட்டுச் சட்டம் ஓரளவு வழிகாட்டியிருக்கிறது. 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும், கடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் வண்டி உரிமையாளரோ காப்பீட்டு நிறுவனமோ வழங்க வேண்டும். யாருடைய தவறு என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அதைவிட மிகுதியாகக் கோருவோர் வேறு பிரிவின்கீழ்க் கவனக்குறைவை மெய்ப்பித்தாக வேண்டும். வாழ்நாள் முழுதும் ஊன்றுகோலோடு நடப்பவருக்கு இத்தொகை போதாதுதான். ஆயினும், குற்றவாளி இல்லை என்பதற்காகக் காயமும் இல்லை என்றாகிவிடாது என்னும் உண்மையைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அதே பரிவு ஓட்டுநர்க்கும் வேண்டாமா? லாரி வைத்திருப்போரும், பள்ளிப் பேருந்துகளை நடத்தும் நம் நிறுவனங்களும், "எனக்கு மயக்கம் வருகிறது" என்று சொல்லும் ஊழியரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பாமல், மருத்துவம் பார்த்து, காவலர் பணியோ அலுவலகப் பணியோ தர முன்வரலாமே. அத்தகைய வாக்குறுதி இருக்குமிடத்தில்தான் ஓட்டுநர் அஞ்சாமல் வாய்திறப்பார். அவர் வாய்திறக்கும் நாளில், எங்கோ ஒரு சாலையோரத்தில் நிற்கும் ஒருவர், தாம் தப்பியதை அறியாமலேயே வீடு திரும்புவார்.