அழும் குழந்தைக்கு உபதேசம் தகுமா?

கல்வராயன் மலைக்குக் கிழக்கேயுள்ள கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும், 2024 ஜூன் மாதத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தந்தையை இழந்த குழந்தைகள் பலர். தாய் தந்தை இருவரையும் இழந்தோரும் உண்டு. அத்தகைய குழந்தையிடம், "எல்லாம் கர்மவினை, அழாதே" என்று கூறுவது தர்மமாகுமா?

கர்மம் சாஸ்த்ர ஸித்தம், அதில் ஐயமில்லை. ஆயினும் ஐந்தாறு வயதுப் பாலகன், தான் கோபித்துக்கொண்டதனாலேயே தந்தை மாண்டார் என்று எண்ணக்கூடியவன். வினை என்னும் சொல் அவன் செவியில், "குற்றம் உன்னுடையது" என்றே விழும். பதின்ம வயதினனோ பலவேளைகளில் அழமாட்டான். சினத்திலும் மௌனத்திலும் படிப்பில் பின்தங்குவதிலும் அவன் துயரம் வெளிப்படும். அதனைத் துடுக்கு என்று கருதித் தண்டிப்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும்.

சிற்றன்னையின் கடுஞ்சொல்லால் நொந்து வந்த ஐந்து வயது த்ருவனை, ஸுநீதி முதலில் மடியில் எடுத்தாள். தானும் கண்ணீர் வடித்தாள். அதன் பின்னரே பகவானைக் காட்டினாள் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். உபதேசத்திற்கும் காலம் உண்டு. "உன்மேல் குற்றமில்லை" என்று தேற்றி, குழந்தை சொல்வதைச் செவிமடுத்து, துயரம் நீடிக்குமாயின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் எம்பெருமான் உகக்கும் கைங்கர்யமேயாகும்.